பதினோரு வருஷமாகச் சருகுமானின் முறை

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, புலி இல்லை, மின்சாரம் மட்டும் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பேசுகிற மிருகங்களை ஒப்புக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்தவர்கள், மீட்டர் பெட்டி எங்கே என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்தக் காட்டுக்கு ஜப்பானிலிருந்து வலசை வந்த ஒரு கொக்கு, திரும்பிப் போகையில் சுமை கூடிவிட்டதென்று ஒரு வீடியோ கேம் பெட்டியை விட்டுவிட்டுப் போனது. அதற்குள் ஒரு வீரக்கதை விளையாட்டு. தலைமுடி குத்திட்டு நிற்கும் ஒரு வீரன். அவனுக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருக்கும், ஊர் எரிந்துபோயிருக்கும். உலகம் நாளைக்கு அழியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே கண்ட வீட்டுக்குள்ளும் புகுந்து பானையை உடைப்பான், குளக்கரையில் சாவகாசமாக மீன் பிடிப்பான்.

சண்டைதான் அதில் விசேஷம். வீரனும் பூதமும் எதிரெதிரே நிற்பார்கள். வீரன் ஒரு அடி அடிப்பான், பூதம் வாங்கிக்கொண்டு நிற்கும். பிறகு பூதத்தின் முறை. முறை வந்தவர் அடிக்கலாம், ஓடலாம், கெஞ்சலாம், இல்லையென்றால் கையில் இருக்கும் பொருள் எதையாவது பயன்படுத்தலாம். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதுவரை எதிராளி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மரியாதையாக நிற்க வேண்டும். ஒரு சண்டை முடிகிறவரை அடுத்த சண்டை கிடையாது.

காட்டுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்று தலைமுறை விளையாடியதில் அந்தப் பழக்கம் வேட்டைக்கும் வந்து சேர்ந்தது. ஓநாய் முயலைப் பிடித்தால் ஒரு கடி கடித்துவிட்டு ஓரடி பின்னால் போய் நிற்கும். முயல் ஆற அமர யோசித்து, ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடும். ஓநாய்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. ஆனாலும் முறை தவறிப் பாய்ந்தால் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது. பக்கத்துக் காட்டில் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இந்தக் காட்டில் தையல்நாயகி என்று ஒரு சருகுமான் இருந்தது. முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உக்கிரசேனன் என்ற சிறுத்தை அதை ஓடைக்கரையில் மடக்கி, முதுகில் ஒரு அறை விட்டது. பிறகு விதிப்படி பின்னால் போய் நின்று, உன் முறை என்றது. தையல்நாயகிக்கு ஓடத் தெம்பில்லை. கெஞ்சினால் சிறுத்தை இளகாது. அடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே, யோசிக்கிறேன் ஐயா என்று சொல்லி வைத்தது.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தது. நடுவில் சும்மா இருப்பானேன் என்று சிறுத்தைக்காக ஒரு விளையாட்டுச் செய்து கொடுத்தது. 'வெள்ளி வாள்' என்று பெயர். ஒரு முள்ளம்பன்றிதான் வீரன். முடியைக் குத்திட்டு நிறுத்தத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை பாருங்கள். சிறுத்தை சொக்கிப்போய்க் கம்பெனியே ஆரம்பித்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு பாகம், பதினோரு பாகம், எல்லாம் ஒரே அச்சு. சிறுத்தை முதலாளி, சருகுமான் தலைமைக் கலைஞர். அந்தச் சண்டை பாக்கி இருப்பதால் சிறுத்தை வேறு யார் மேலும் கை வைக்க முடியாது. மீனையும் நண்டையும் தின்று காலத்தை ஓட்டியது. மீன் பிடிப்பது சண்டைக் கணக்கில் வராது என்பதை அது விளையாட்டிலேயே பார்த்திருக்கிறது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினோராம் பாகத்தை மட்டும் யாரும் சீந்தவில்லை. என்ன குறை என்று கேட்க, கம்பெனி நாவல் மரத்தடியில் கருத்துப் படிவம் கொடுத்தது. காடே வரிசையில் வந்து நின்றது. முள்ளம்பன்றிக்குப் பின்னால் மட்டும் யாரும் நெருங்கி நிற்கவில்லை. எல்லாமே புதுசாக இருக்க வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்று கரடி எழுதியிருந்தது. காட்டெருமை ஒரு படி மேலே போய், பன்னிரண்டாம் பாகமும் இப்படியே இருந்தால் தொட மாட்டேன், வேறு மாதிரி இருந்தால் மிதித்துவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

படிவங்களைப் படித்த சிறுத்தைக்குத் தலை சுற்றியது. பக்கத்துக் காட்டிலிருந்து நவநீதன் என்ற கீரிப்பிள்ளையை வரவழைத்தது. நவநீதன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, முதலாளிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. பதினோரு பாகத்தையும் ஒரே மத்தியானத்தில் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது.

"எதிரி எதுக்கு சார் காத்திருக்கணும்? பசிச்சா அடிக்கணும். அதுதான் இன்னைக்கு உலகம்," என்றது.

பசி என்ற வார்த்தையைக் கேட்டதும் சிறுத்தையின் காது நிமிர்ந்தது. விளையாட்டில் முறை போனால் காட்டிலும் போகும். அப்படிப் போகிற அன்றைக்கு முதலில் காணாமல் போவது தான்தான் என்பது தையல்நாயகிக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. சிறுத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார முடிந்ததே அந்தக் காத்திருக்கும் பழக்கத்தால்தான் என்பது நவநீதனுக்கு உறைக்கவே இல்லை. புத்திசாலிகளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

தையல்நாயகி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. மரபு என்று ஒன்று இருக்கிறதே ஐயா என்று இழுத்தது. நவநீதன் சிரித்தது. சண்டைக்கு முன்னால் பூதம் முக்கால் மணி நேரம் பேசுகிற மாதிரி ஒரு காட்சி வைத்தது. நவநீதன் வெட்டியது. பூதம் செத்து, எழுந்து, இறக்கை முளைத்து, மறுபடியும் செத்து எழுகிற மாதிரி வைத்தது. அதையும் வெட்டியது. கடைசியில் பன்னிரண்டாம் பாகத்தில் பேச்சில்லை, காத்திருப்பில்லை, முறையில்லை. பட்டனை அழுத்தினால் அடி. அழுத்த அழுத்த அடி.

வெளியீட்டு நாள் வந்தது. பாறை மேல் பெரிய திரை கட்டினார்கள். கூட்டமெல்லாம் கீழே நிற்க, பாறை மேல் மூன்றே பேர்: பட்டனோடு சிறுத்தை, பக்கத்தில் நாற்காலி போட்டு விளக்கம் சொல்ல நவநீதன், அந்த நாற்காலிக்குப் பின்னால் தையல்நாயகி. சிறுத்தைக்கு முதலில் பிடிபடவில்லை. பழைய ஞாபகத்தில் ஒரு அடி அடித்துவிட்டுக் காத்து நின்றது. நிற்காதீங்க சார், விடாம அடிங்க, என்று நவநீதன் காதோரம் கத்தியது. சிறுத்தை அடித்தது. மறுபடி அடித்தது. பதினோரு வருஷமாக மீன் தின்ற உடம்பில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. வால் விறைத்தது, கண் சிவந்தது, கடைசிப் பூதம் சாய்ந்த பிறகும் கை நிற்கவில்லை. பட்டனை உதறிவிட்டு அடுத்தது யார் என்று திரும்பியது.

முதலில் கண்ணில் பட்டது தையல்நாயகிதான். அது உடனே முன்னால் இருந்த நாற்காலியை நவநீதனோடு சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளியது.

"யோசனை இவரோடதுங்க ஐயா," என்றது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும் மிஞ்சியது. கீழே இருந்த கூட்டம், காட்சி தத்ரூபமாக இருப்பதாகக் கை தட்டியது.

சிறுத்தை உதட்டை நக்கிக்கொண்டு நிதானத்துக்கு வந்தது. தையல்நாயகியை ஏற இறங்கப் பார்த்தது.

"கடைசியில ஒரு பொருளைப் பயன்படுத்திட்டே. அப்ப உன் முறை முடிஞ்சுது. இப்ப என் முறை."

புது விதிப்படி முறையே கிடையாதே ஐயா, ஆட்டமே மாறிவிட்டதே என்று தையல்நாயகி உளறியது.

"புது விதின்னா இப்பவே பாயலாம். பழைய விதின்னா என் முறை. உனக்கு எது சௌகரியம்?" என்று சிறுத்தை கேட்டது.

பழையதே இருக்கட்டும் ஐயா, நான் எப்போதும் மரபின் பக்கம்தான் என்று தையல்நாயகி அவசரமாகச் சொன்னது. சிறுத்தைக்கு மகிழ்ச்சி. பதினோரு வருஷமாகத் தான் பார்க்க ஆசைப்பட்டதும் இந்த நாளைத்தான் என்றது. என்ன செய்வதென்று நானும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், இப்போது வயிறு நிறைந்திருக்கிறது, அதுவரை நீ மரியாதையாக நில் என்று சொல்லிவிட்டு, பாறை மேலேயே கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டது.

கூட்டம் கலைந்துபோனது. பாதை திறந்து கிடந்தது. ஒரே ஓட்டம் ஓடினால் மறுகரைக்குப் போய்விடலாம், தடுக்க ஒரு ஈ காக்கை இல்லை. தையல்நாயகி பாதையைப் பார்த்தது, சிறுத்தையைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. அடுத்தவர் முறையில் அசைந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு பதின்மூன்றாம் பாகம் எழுதுவது என்று நினைத்தது. தூக்கிய காலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சிறுத்தைக்கு எதிரே நேராக நின்றது.

நீதி: புதுமை உங்களை உடனே விழுங்கும், மரபு செரிமானம் ஆகும்வரை பொறுத்திருந்து விழுங்கும். எது வேண்டுமென்று படிவத்தில் குறித்து, வரிசையில் நிற்கவும்.