பலாத்தோல் டயரும் ஒரு காவடியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்தேன். பேனாவை எடுத்தாலே வெட்கம் வந்து மூடி வைத்துவிடுவேன். படிப்பும் அதிகமில்லை. ஆனால் என் மச்சான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்ல, அது ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் வளர்கிறது. அதனால் முருகனை நினைத்துக்கொண்டு உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

நான் பெண் பார்க்கப் போன கதை இது. சரியாகச் சொன்னால் ஒரு டயரின் கதை.

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் ஓட்டிக் கழித்த மவுண்டன் பைக்கை வாங்கி, நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்படி ஒன்று என்னிடம் மட்டும்தான். (தலைக்கனம் அங்கேதான் தொடங்கியது.) டயர்கள் மட்டும் வழுக்கைத் தலை மாதிரி தேய்ந்திருந்தன.

பக்கத்துத் தோட்டத்து மேல் டிவிஷனில் செல்வி இருந்தாள். தேர்த் திருவிழாவில் பானகம் ஊற்றிக் கொடுத்தவள். அன்றிலிருந்து என் வெள்ளிக்கிழமை விளக்கெல்லாம் அவளுக்காகத்தான். அவளோ வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் எங்களையும் பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

நல்ல டயராகப் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஹட்டனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன்; எங்களுக்கு அவர் நானா.

"நம்ம மலையில ஈக்கிறது களிமண்ணு தம்பி. டயர்ல முள்ளுக் கட்டை தூரம் தூரமா உள்ளத எடுங்க. சக்கரம் சுத்தக்குள்ள சேறு கழண்டு விழும்" என்று ஒல்லியான ஒன்றை எடுத்து வைத்தார்.

எனக்கு அது பல் விழுந்த வாய் மாதிரி தெரிந்தது. மேலே தொங்கிய இன்னொன்றைக் காட்டினேன். தடியானது. பலாப்பழத் தோல் மாதிரி நெருக்க நெருக்கமாக முள். பக்கத்தில் சிவப்புக் கோடு வேறு.

"அது காஞ்ச ரோட்டுக்கு. இந்த வண்டிக்கு அகலமும் கூட. டயருக்கும் அதப் பிடிக்கிற ஃபோர்க்குக்கும் நடுவுல விரல் போகணும். நான் செல்றத கேளுங்க."

"முள்ளு கூட இருந்தா பிடிப்பும் கூடத்தானே நானா?"

"உங்க காலு, உங்க சேறு" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

டயருக்கு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினேன். நல்ல நாள் என்பதால் காற்றையும் கல்லு மாதிரி அடித்தேன். (சேற்றில் போகிறவன் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.)

மழை ஒரு வாரமாக விடவில்லை. அம்மா, மாமா, அத்தை மூவரும் தட்டுகளோடு ஆட்டோவில் ஏறினார்கள்.

"டிரைவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு உக்காருடா" என்றார் அம்மா.

"நீங்க ரோட்டால போங்க. நான் குறுக்குப் பாதையில முன்னால போயிருவேன்."

வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்து இறங்குவதை அவள் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு.

தேயிலைக்கு நடுவே பாதை இறங்கும் வரை ராஜாவாகத்தான் போனேன். அதற்குப் பிறகு களிமண். முதலில் முள்ளுக்கு முள் இடுக்கெல்லாம் நிரம்பி, டயர் மாவில் உருட்டிய வடை மாதிரி ஆனது. அடுத்து ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சேறு ஏறி இறுகியது. சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை. பைக்குக்கு மேலால் பறந்து, மழைத்தண்ணி ஓட வெட்டிய கானுக்குள் முகம் குப்புற விழுந்தேன்.

எழுந்து தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சுற்றவில்லை. இழுத்தேன், அதுவும் இல்லை. விரலால் சேற்றைத் தோண்டினேன். நாலு எட்டுக்குள் திரும்ப அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் "முருகா" என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஹேண்டிலில் தேயிலைக் கிளை இரண்டு பக்கமும் சிக்கி ஆடியது.

மேல் டிவிஷன் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டு குடத்தைக் கீழே வைத்தார்கள்.

"யாரோ காவடி எடுத்துக்கிட்டு வாராங்கடி."

"இந்த மாசத்துல என்ன காவடி?"

"வேண்டுதல் என்னமோ, பாவம். அரோகரா சொல்லுங்க."

எல்லாரும் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

பெண் வீட்டில் எங்கள் ஆட்கள் இரண்டாவது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, பெற்ற தாயே, "கோயில் காசுக்கு வந்திருக்காங்க போல, ஏதாச்சும் போட்டு அனுப்புங்க" என்றார்.

"அது மாப்பிள்ளைதான்" என்று சொன்னது செல்வி. அத்தனை சேற்றுக்குள்ளும் அவளுக்கு மட்டும் என்னைத் தெரிந்தது.

வாளியில் தண்ணீரும் துவாயும் கொண்டுவந்து வைத்தாள். நான் முகம் கழுவ, அவள் பைக் பக்கத்தில் குந்தி, தேயிலைக் குச்சியால் முள்ளு இடுக்குச் சேற்றைக் குத்தி எடுத்தாள். உள்ளே பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. எல்லாம் முடிந்தது, அடுத்த ஆட்டோவில் என்னையும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இத கீழயே போட்டுட்டு வந்திருக்கலாமே. ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது இதுதான்: "புது டயருங்க. நானே பாத்து எடுத்தது. விட மனசு வரல."

அவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. அப்படியே எழுந்து உள்ளே போய் அவள் அப்பாவிடம், "இவரு சரிப்பா" என்றாள்.

இன்றைக்கும் டயர் வாங்கப் போனால் நானா கேட்பது ஒரே கேள்வி: "ஓட்டுறதுக்கா தம்பி, தூக்குறதுக்கா?" தைப்பூசத்துக்கு நான் காவடி எடுக்கும்போது, "அப்பா, இதுக்குக் காத்து அடிச்சீங்களா?" என்பாள் மகள்.

செல்வியிடம் ஏன் சரி என்றாய் என்று கேட்டால், கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே சொல்வாள்: "ஒண்ணுக்கும் ஆகாத டயரயே நடுவழியில விடாத மனுசன், என்னையவா விட்டுட்டுப் போகப் போறாரு?"

இதைப் படிக்கிறவர்கள் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடி சொல்லுங்கள். என் மச்சான் சேர்க்கும் அட்டைக்கடி கிடையாது. கானுக்குள் உட்கார்ந்து நான் அழவும் இல்லை. விழுந்ததைக் குறைக்க வேண்டாம், அரோகராவையும் விட வேண்டாம். செல்வி சொன்னதை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள். அதை நம்பித்தான் நான் வாழ்கிறேன்.