லீவு கிடைக்காத தம்பி ஏரிக்கரை ஓட்டலிலிருந்து எழுதுவது

அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் என் அக்காவுக்கு,

இங்கு நான், என் வீட்டுக்காரி, மகள், நீ 'வாலு' என்று பெயர் வைத்த மகன், அப்பா ஆகிய ஐந்து பேரும் சுகம். நீயும் உன் மகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அதனால் வந்ததுதான்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று போன மாதம் போனில் சொன்னேனே, அது பொய். பத்து நாள் முழுதாகக் கிடைத்தது. லிஃப்ட் மெக்கானிக்குக் கோடையில் லீவு கொடுக்க எந்த மேனேஜருக்கும் மனம் வராது, ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கோடைக்கும் நான் உன் வீட்டுக்கு வருவது அவருக்கே மனப்பாடமாகிவிட்டதால், நான் வாயைத் திறக்கும் முன்பே கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். அந்த லீவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, இப்போது ஒரு மலைமேல் ஏரிக்கரை ஓட்டலின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். திட்டுவதானால் இங்கேயே நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி.

நீயும் நானும் வாங்குகிற வாரப் பத்திரிகையில், நம் நாட்டு மக்கள் கோடை விடுமுறையை எப்படிக் கழிக்கிறார்கள் என்று நான்கு பக்கத்துக்குக் கணக்கெடுப்பு போட்டிருந்தார்கள். சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்களாம், எல்லாரும் ஓட்டலில் அறை எடுத்து 'எதுவும் செய்யாமல்' இருந்துவிட்டு வருகிறார்களாம். கடைசிப் பக்கத்தில் இந்த ஓட்டலுக்கான தள்ளுபடிக் கூப்பன் வேறு. என் வீட்டுக்காரி அதைக் கத்தரித்து வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், போன கோடையில் ஒரு விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது சமையலறையில் உன்னைப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எங்கள் ஐந்து பேருக்கும் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாய். என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து நின்று சிரித்தாய். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நாங்கள் பத்து நாள் தங்கி உன் எலும்பை முறிக்கிறோமே என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அத்தான் போனதிலிருந்து உனக்குக் கைமாற்றவும் ஆளில்லை. இதை நேரில் சொன்னால் நீ அடிப்பாய். அதனால் பொய் சொன்னேன். நீ ஒன்றும் கேட்காமல் "சரிப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாய். அந்தச் 'சரிப்பா' ஒரு மாதமாக என் காதில் இருக்கிறது.

ஓட்டல் கதையைக் கேள். எதுவும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதவே இல்லை. அறை பெருக்க ஒரு அம்மா வருவார் என்றதும் இவளுக்கு வெட்கமாகிவிட்டது, அடுத்தவர் வந்து பார்க்கும்படியா அறையைப் போட்டுவைப்பது என்று விடிந்ததும் எழுந்து படுக்கையை உதறி, துண்டுகளை மடித்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டாள். இரண்டு நாள் வந்து பார்த்த அந்த அம்மா, தன் வேலை இவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் போய்க் கண்ணைக் கசக்க, அவர் ஓடிவந்து என்ன குறை என்று கேட்க, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தையல்காரியான இவள் திரைச்சீலையின் அடிமடிப்பு கோணலாக இருக்கிறது என்று சொல்லிவைக்க, ஆழம் தெரியாமல் காலை விட்ட கதையாக இப்போது மூன்றாம் மாடித் திரைச்சீலைகள் எல்லாம் எங்கள் அறையில் குவிந்திருக்கின்றன, இவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறாள், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுக்கிறார். இரண்டு பேரும் இப்போது உயிர்த்தோழிகள்.

அப்பாவின் கதை வேறு. சொந்தம் இல்லாத ஊருக்கு ஒருவன் எதற்காகப் போவான் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, பெட்டியோடு வருகிறவர்களை எல்லாம் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். மூன்றாம் நாள் வரவேற்பறைப் பெண்ணிடம் போய், வந்து இத்தனை நாளாகியும் இந்த வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லையே, எங்கள்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பயந்து ஓட்டல் மேனேஜரைக் கூட்டிவர, அவரை அப்பா பக்கத்தில் உட்காரவைத்து எத்தனை குழந்தைகள் என்று ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த மனிதர் இப்போது தினமும் அவராகவே வந்து உட்காருகிறார்.

பிள்ளைகள் ஏரியை ஒரு நாள் பார்த்தார்கள். மறுநாளும் அதே ஏரிதான் இருந்தது. அத்தை வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று வாலு காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கேட்கிறான். எனக்கோ, இந்த ஓட்டல் லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் 'கடக்' என்று ஒரு சத்தம் போடுகிறது. கை ஊறுகிறது. லீவில் வந்தவன் என்று கையைக் கட்டிக்கொண்டு ஆறு நாளாகப் படியில் ஏறி இறங்குகிறேன்.

ஆகவே அக்கா, இனி கோடையில் உன்னைத் தொந்தரவு செய்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். வந்தாலும் ஒரு பகல் வந்து முகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இந்த ஒரு கோடையாவது நீ வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாய் என்பதுதான் எனக்கு இங்கே இருக்கிற ஒரே நிம்மதி. உன் மகனுக்கு என் ஆசிகள். அப்பா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். இவளும் பிள்ளைகளும் உன் காலைத் தொட்டுக்கொள்கிறார்கள், வலிக்காத காலை.

பொய் சொன்ன தம்பி.

பின்குறிப்பு: இதை உறையில் போடப் போகும்போது லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். மலைக்குக் கீழேயிருந்து மெக்கானிக் வர மூன்று மணி நேரமாகும் என்றார்கள். எங்கப்பா பார்ப்பார் என்று என் மகள் சொல்லிவிட்டாள். மோட்டார் அறைக்கு ஏறி, கரண்ட்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, கையால் சக்கரத்தைச் சுற்றி மூன்றாம் மாடிக்கு நேராகக் கொண்டுவந்து, ஓடிவந்து கதவைத் திறந்தால், உள்ளே பெட்டிமேல் நீ உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் உன் மகன், கையில் அதே கூப்பன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தாய். "லீவு கிடைக்கலேன்னு சொன்னே?"

"அதான் வேலைல இருக்கேனேக்கா."

நான் போன் செய்த அன்று காலையில்தான் எங்களுக்காக ஐந்து மெத்தைகளை எடுத்து வெயிலில் போட்டிருந்தாயாம். அதற்குப் பிறகு அவற்றை உள்ளே எடுத்து வைக்கவும் மனமில்லாமல், பார்க்கவும் மனமில்லாமல் நீ இருந்ததைத் தாங்காமல்தான் உன் மகன் இங்கே கூட்டிவந்தானாம். நான் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தேன். நீ படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னாய்:

"முட்டி வலி வருஷம் பூரா இருக்குடா. நீங்க வர்ற பத்து நாள்தான் அது எனக்கு ஞாபகத்துலயே இருக்காது."

அதற்குப் பிறகு இதே கடிதத்தின் அடியில் எழுதிக் கொடு என்று உத்தரவு போட்டாய். எழுதுகிறேன். மேலே உள்ள முடிவு செல்லாது. அடுத்த கோடையில் நாங்கள் ஐந்து பேரும் பத்து நாள் உன் வீட்டில்தான் இருப்போம். பால் காய்ச்சுவது நான், காய் நறுக்குவது உன் மகன். பத்து என்பதை நீ பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டுப் பதினைந்து என்று போட்டிருக்கிறாய். சரி, அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மேனேஜரிடம் என்ன சொல்வதென்று பிறகு யோசிக்கிறேன்.