மண்வெட்டிக் கை

சுந்தரபாண்டியனுக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. முந்தின நாள் செங்கோட்டையில் சிமெண்ட் லோடு. முந்நூறு மூட்டை, நாலு ஆள். தோளுக்கு ஐம்பத்துநாலு வயசாகிவிட்டது என்பதை மூட்டை கேட்டுக்கொள்வதில்லை.

ஆனால் அவர் மனைவி தங்கத்தாய் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது இடது கையில்.

"வலிக்கது அந்தப் பக்கம்ட்டி."

"வலிக்கத யாரு கேட்டா? மறைக்க வேண்டியது இந்தப் பக்கம்லா கெடக்கு."

இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பச்சை குத்திய மண்வெட்டி. பதினெட்டு வயசில் குத்தியது. அன்றிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் மண்வெட்டிக் கட்சிக்குத்தான் போட்டார். ஐந்து தடவை கட்சி டெபாசிட் இழந்தது. இவர் கையை இழக்கவில்லை. கட்சி மூன்றாக உடைந்தபோது எந்தத் துண்டு நல்ல துண்டு என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. இவருக்கு அந்தச் சிரமம் இல்லை. சின்னம் எந்தத் துண்டுக்குப் போனதோ அதற்குப் போட்டார். கையில் இருப்பதை மாற்றவா முடியும்?

இப்போது அந்தக் கையால் மகள் கல்யாணம் நின்றுவிடும்போல் இருந்தது.

மகள் மஞ்சுவுக்கு வாய்த்திருந்த மாப்பிள்ளை சுபாஷ் பட்டாளத்துக்காரன். லீவு இன்னும் ஒன்பது நாள்தான். மஞ்சுவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அவனோடு பேசிப்பேசி மாசத்துக்கு ரெண்டு தடவை ரீசார்ஜ் செய்கிறாள். சிக்கல் அவன் அப்பா செல்லச்சாமி. தென்காசியில் ரெண்டு லாரிக்குச் சொந்தக்காரர், உரல் கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. மண்வெட்டிக்காரன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று மைக்கில் சொன்னவர்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கட்சியே கெடையாது" என்று தங்கத்தாய் சொல்லிவைத்திருந்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் செல்லச்சாமிக்கு ஒரு வழக்கம். சம்பந்தம் முடிக்கும் முன்னால் வரப்போகிற சம்பந்தியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் ஒன்றாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். மூத்த மகளைக் கொடுத்தபோதும் அப்படித்தான். "சட்டையக் கழத்தினாத்தான் ஆளு தெரியும்" என்பார்.

ஆனி மாசம், ஐந்தருவியில் நல்ல சாரல். எண்ணெய் தேய்க்கிற கொட்டகையில் செல்லச்சாமி ஏற்கெனவே துண்டோடு உட்கார்ந்திருந்தார். வலது கையில் பச்சையாக உரல், அதற்குள் உலக்கை.

"வாங்க சம்பந்தி. இன்னும் முடிவாகல, இருந்தாலும் கூப்பிட்டுப் பாக்கேன். கையில என்ன கட்டு?"

"சுளுக்கு."

"அடடா. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீரு. தில்லைநாயகம் அண்ணாச்சி, முதல்ல இவரு கையப் பாரும்."

எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து வந்தார் தில்லைநாயகம். எழுபது வயசு இருக்கும். மெலிந்த உடம்பு, ஆனால் முழங்கைக்குக் கீழே ரெண்டு கையும் உலக்கைபோல. ஆளை உட்காரவைத்துத் தோளை அமுக்கி, இழுத்து, மடித்து, திரும்ப அமுக்குவார். பார்க்க மாவு பிசைகிற மாதிரி இருக்கும்.

அவர் கட்டின்மேல் கைவைத்ததும் சுந்தரபாண்டியன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சுளுக்கு இல்ல அண்ணாச்சி. சுட்ட புண்ணு. லாரி சைலன்சர்ல பட்டுட்டு."

"இப்பத்தான சுளுக்குன்னீரு?" என்றார் செல்லச்சாமி.

"சுட்டதும் வெடுக்குனு இழுத்தேன். அதுல சுளுக்கிட்டு."

வெளியே மாற்றுத் துணியோடு நின்றிருந்த தங்கத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுட்ட புண்ண இப்படிக் கட்டிவைக்கலாமா? சீழ் பிடிச்சிரும்" என்று செல்லச்சாமி பக்கத்துக் கடையில் கத்தாழை வாங்கிவரச் சொன்னார். நல்ல மனுசன், அதுதான் தொல்லை. கத்தாழை வந்தது. தோல் சீவியாயிற்று. கட்டை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

சுந்தரபாண்டியன் பேச்சை மாற்றினார். "உங்க உரல் கட்சி இந்தத் தடவ நல்லா வரும்னு பேசிக்கிடுதாங்க."

செல்லச்சாமி முகம் மலர்ந்தது. "நீரு கட்சி இல்லாத ஆளு. நீரே சொல்லுதீருன்னா ஊரு சொன்ன மாதிரி. அந்த மண்வெட்டிப் பயலுவளப் பத்தி என்ன நெனைக்கீரு?"

முப்பத்தாறு வருசத்தில் முதல் தடவையாகச் சுந்தரபாண்டியனின் நாக்கு புரண்டது. "களவாணிப் பயலுவ" என்றார். சொன்னதும் தோள்வலி ரெண்டு மடங்கானது.

"அப்படிப் போடும்." செல்லச்சாமி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "உம்ம மாதிரி ஆளு வெளிய நிக்கலாமா? உறுப்பினராச் சேந்துக்கிடும். கையெழுத்தும் இடது பெருவிரல் ரேகையும்தான். கட்ட அவுத்துப் போடும்."

இனி உட்கார்ந்திருந்தால் ஆபத்து. "குளிச்சிட்டு வந்து போடுதேன்" என்று எழுந்தவர் எண்ணெய் தேய்க்காமலே அருவிக்கு ஓடினார்.

அருவிக்குச் சுளுக்கும் தெரியாது, சுட்ட புண்ணும் தெரியாது. அரை நிமிசத்தில் கட்டை உருவி எடுத்துக்கொண்டு போனது. வெள்ளைத் துணி குளிக்கிறவர்கள் காலுக்கிடையில் போய் மறைந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இடது கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினார்.

வாசலில் எண்ணெய் சிந்திய தரை. கால் வழுக்கியது. செல்லச்சாமி பாய்ந்து பிடித்தார். பிடித்தது இடது கையை.

துண்டு விழுந்தது. மண்வெட்டி பளிச்சென்று தெரிந்தது.

செல்லச்சாமி அதையே பார்த்தார். கட்டை விரலால் ஒருமுறை தேய்த்தும் பார்த்தார்.

"இதுதான் சுட்ட புண்ணா வே?"

"சின்ன வயசுல குத்தினது."

"சின்ன வயசுல குத்தினது சரி. இப்பவும் அதுக்குத்தான் போடுதீரா?"

பொய் சொல்லிச் சொல்லிச் சுந்தரபாண்டியனுக்கு அலுத்துவிட்டது. "ஆமா."

"இந்தச் சம்பந்தம் வேண்டாம். என் மவன் லீவு முடிஞ்சு போவட்டும்." செல்லச்சாமி சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்தார்.

தங்கத்தாய் உள்ளே வந்துவிட்டாள். "அண்ணாச்சி, புள்ளைகளப் பாருங்க. கையில இருக்கதப் பாத்தா பொண்ணெடுப்பாங்க?"

"அந்தக் கட்சி இவருக்கு என்ன செஞ்சிச்சு? அதச் சொல்லச் சொல்லு."

"சோறு போட்டுது வே." சுந்தரபாண்டியன் குரல் உயர்ந்தது. "எண்பத்தொன்பது எலெக்சன். பதினெட்டு வயசுக்கு ஓட்டு வந்த வருசம். புளியறை செக்போஸ்டுல ரெண்டு நாளா லோடு இல்ல. பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடந்தேன். மண்வெட்டிக்காரங்க வந்தாங்க. பச்ச குத்து, கடையில போய்க் கையக் காட்டு, வேணுங்கிற பரோட்டா தின்னுன்னாங்க. எட்டு தின்னேன். அதுக்கு முன்னயும் பின்னயும் என்கிட்ட ஒருத்தனும் வேணுங்கிறத தின்னுன்னு சொன்னதில்ல. அந்த உப்ப மறக்கச் சொல்லுதீரா?"

செல்லச்சாமி நுழைத்த கையோடு நின்றார்.

"நானும் அந்த வருசம் புளியறையிலதான் கெடந்தேன்" என்றார். "லாரிக் கிளீனரு. முதலாளி அடிச்சு எறக்கிவிட்டுட்டான். உரல் கட்சிக்காரங்க சாயங்காலம் வந்தாங்க. கையக் காட்டச் சொன்னாங்க. ஆறு தின்னேன். அழுதுக்கிட்டே தின்னேன்."

"எந்தக் கடை?" தில்லைநாயகம் கேட்டார். அவர் சுந்தரபாண்டியனின் வலது தோளைத் தானாகவே அமுக்க ஆரம்பித்திருந்தார். வலி அங்கேதான் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

"ஓலைக் கொட்டகை" என்றார் சுந்தரபாண்டியன். "வாசல்ல புளியமரம்."

"அதே கடைதான்" என்றார் செல்லச்சாமி. "கோழிச் சால்னா. கேக்காமலே ரெண்டாந்தடவ ஊத்துவாங்க."

"எனக்கும் ஊத்தினாங்க."

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லச்சாமி சட்டையிலிருந்து கையை உருவினார். பலகையில் உட்கார்ந்தார்.

"எது எப்படியோ வே, உம்ம கட்சியும் பசி தெரிஞ்ச கட்சியாத்தான் இருந்திருக்கு."

"உங்க கட்சியும்தான். பட்டினி கெடந்த பயலுவளுக்கு அன்னைக்கு எவன் போட்டான்?"

"அதச் சொல்லும். அந்தக் காலத்துக் கட்சி அது."

தங்கத்தாய் நேரத்தை வீணாக்கவில்லை. "ஒரே கடையில தின்னவங்க. வெள்ளிக்கிழம நிச்சயம் வச்சிக்கிடுவோமா அண்ணாச்சி?"

"வச்சிக்கிடுவோம்மா" என்றார் செல்லச்சாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டார், கையில் ஒட்டியிருந்த எண்ணெய் பட்டுக் கண் இன்னும் கலங்கியது.

தில்லைநாயகம் கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். உரலை ஒருமுறை பார்த்தார், மண்வெட்டியை ஒருமுறை பார்த்தார்.

"நிச்சயத்த நல்லா நடத்துங்க; அந்தக் கடை என்னுது, கையக் காட்டினவனுக்குப் போடு, துட்டு கட்சி தரும்னு ரெண்டு கட்சிக்காரனும் சொல்லிட்டுத் தராமலே போனதுல கடைய மூடிட்டுத்தான் நான் இங்கன எண்ணெய் தேய்க்க வந்தேன், நீரு தின்ன எட்டும் அவரு தின்ன ஆறும் ஆகப் பதினாலு பரோட்டா இன்னும் எனக்குப் பாக்கி."