மேலாளர் சார்பில் நடந்த நடை

உழைப்பைப் பகிர்ந்தளிப்பதில் எங்கள் மேலாளரை மிஞ்ச இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும். தன் குடையைக்கூடப் பிறர் கையால்தான் விரிப்பார், அப்படிப்பட்ட உத்தமர். அவருடைய உதவியாளன் என்ற முறையில் இதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. போன வருடம் ஸ்கேனில் கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"மாத்திரை மட்டும் போதாது சார். தினமும் வேகமா நடக்கணும், எடை தூக்கணும். இல்லேன்னா ஈரல் இறுகிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

கூட வந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் கலங்கவில்லை. நேராக அலுவலகம் வந்தார், அவசரக் கூட்டம் கூட்டினார், 'உடற்பயிற்சிப் பிரிவு' ஒன்றைத் தொடங்கி என்னை அதன் பொறுப்பாளராக நியமித்தார்.

"நாளையிலேருந்து நீ நடக்கிறே."

"நானா? டாக்டர் உங்களைத்தானே சார் நடக்கச் சொன்னாங்க?"

"உனக்கும் சர்க்கரை, கொழுப்பு ஈரல் எல்லாம் இருக்குல்ல? இந்த வேலைக்கு அனுபவம் உள்ள ஆளைத்தான் போட முடியும்."

என் தகுதியை இதற்கு முன் யாரும் இப்படி மதித்ததில்லை. காலையில் வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மேலாளர் மாடி ஜன்னலோரம் சுழல் நாற்காலியில் சாய்ந்து, போனில் மேற்பார்வை செய்தார்.

"வேகம் பத்தலய்யா! எனக்கு வேர்க்கவே இல்ல!"

மதியம் கோப்பு அறையில் தண்ணீர் கேன்களைத் தூக்கி இறக்கினேன். மேற்பார்வையில் அவர் களைத்துப்போவார், பாவம். களைப்பு தீர ஒரு தட்டு கிரீம் பிஸ்கட் போகும். சாயங்காலம் அவர் மனைவி போன் செய்வார்.

"தம்பி, சார் இன்னிக்கு நடந்தாரா?"

"பயிற்சி நல்லபடியா முடிஞ்சதும்மா" என்பேன். அதுதான் எனக்கு உத்தரவு.

"நல்லா இருங்க தம்பி."

அந்த வாழ்த்து பலித்துவிட்டது. அடுத்த பரிசோதனையில் என் சர்க்கரை இறங்கியிருந்தது, ஈரல் கொழுப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. மேலாளருக்கு இரண்டும் ஏறியிருந்தன. ஈரல் இறுகவும் தொடங்கிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் பயந்திருப்பார். இவர் உடனே விசாரணை தொடங்கினார்.

"ஆபீஸ் நேரத்துல என் பேர்ல நடந்துட்டு, பலனை நீ எடுத்துக்கிட்டியா? என் கொழுப்பைக் கரைக்கச் சொன்னா உன் கொழுப்பைக் கரைச்சிருக்கே!"

"சார், நடந்தவனுக்குத்தானே சார் குறையும்..."

"எதிர்த்துப் பேசாதே! இந்த மாசக் கடைசிக்குள்ள குறைஞ்ச கொழுப்பைத் திரும்ப ஏத்திக் காட்டணும்."

அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்த மனைவி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"அப்போ இத்தனை நாளும் நடந்தது இந்தத் தம்பியா?" என்றார் கணவரிடம். குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு நீங்க படுத்துட்டா என்னங்க பண்றது?"

"அட, அதுக்கு ஏன் அழறே? அதுக்கெல்லாம் எப்பவோ ஆள் போட்டாச்சு."

"யாரை?"

"உன்னைத்தான்."

எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள். நோயை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார். அதில் படவேண்டிய பாட்டையெல்லாம் அந்த அம்மா பேருக்கு எழுதி வைத்துவிட்டார்.