நான்காம் பாடத்து மனைவி

தேர்வு எழுதுகிறவர்கள் என்று உலகத்தில் ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. எழுதுவார்கள், தேறுவார்கள் அல்லது தோற்பார்கள், வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். நான் சொல்ல வந்தது தேர்வுக்குத் தயாராகிற இனத்தைப் பற்றி. பாடத்திட்டத்துக்குள் விழித்து, பாடத்திட்டத்துக்குள் பசித்து, பாடத்தில் இல்லையென்றால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிற இனம் அது. ஸ்பெயினின் தென்கடற்கரையில், மொழிப்பள்ளிக்கு நேர் எதிரே, முப்பது வருஷமாக எழுதுபொருள் கடை வைத்திருப்பவள் நான். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்து இங்கே குடியேறி, ஓய்வுபெற்ற காலத்தில் ஸ்பானிய முதல்நிலைத் தேர்வுக்கு உட்காரும் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் என்னிடம்தான் நோட்டு வாங்குகிறார்கள். இந்த இனத்தை நான் பல்லைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் புத்தகம் வாங்க மாட்டார்கள். அடிக்கோல் வாங்குவார்கள். அதை வைத்து அட்டவணை போடுவார்கள். காலை ஏழு முதல் எட்டு வரை சிவப்பு, எட்டு முதல் ஒன்பது வரை பச்சை என்று கட்டம் கட்டிப் பத்து நாள் வர்ணம் அடிப்பார்கள். பதினோராம் நாள் காலையில் ஏழரைக்கு எழுந்திருப்பார்கள். அட்டவணை கெட்டுப்போயிற்றே என்று புதிதாக ஓர் அடிக்கோல் வாங்க வருவார்கள். பழையதற்கு என்ன? ராசி இல்லையாம். அடுத்தது மஞ்சள் சீட்டு. கதவில் ‘கதவு’, கண்ணாடியில் ‘கண்ணாடி’ என்று எழுதி ஒட்டுவார்கள். ஓர் அம்மாள் புருஷன் முதுகில் ‘கணவன்’ என்று ஒட்ட, அந்த அப்பாவி அதோடு வங்கிக்குப் போய்விட்டு வந்தார்.

இந்த இனத்தின் தலைமகன் பென்ட்டி. பின்லாந்துத் துறைமுகம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டியவர். கல்யாணம் ஆகாதவர். பிள்ளை இல்லை, குட்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: எதுவரை படித்தாயோ அதுவரை வாழ். மூன்றாம் பாடத்தில் ஆப்பிள், ரொட்டி, பால் என்று மூன்று பண்டம்தான் வந்தது. மூன்று வாரம் மனிதர் அதையே தின்றார். அவர் வீட்டு வாசலிலேயே மத்தி மீனைக் கம்பியில் குத்திச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோவார். கேட்டால், மீன் ஆறாம் பாடம். ஒரு முறை முழங்கால் வீங்கிவிட்டது. ஐந்தாம் பாடத்தில் தலை, கை, வயிறு மட்டுமே இருந்தபடியால் மருந்துக் கடையில் தலைவலி என்று சொல்லி, தலைவலி மாத்திரையை வாங்கி, நொண்டிக்கொண்டே வீடு திரும்பினார்.

இப்படிப்பட்டவருக்கு நான்காம் பாடம் எமனாக வந்தது. தலைப்பு: ‘என் குடும்பம்’. வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். வீட்டில் சொல்ல ஆளில்லை, தொழிலைச் சொல்லலாமென்றால் கிரேன் என்ற சொல் புத்தகத்தில் இல்லை என்று பென்ட்டி கையைப் பிசைய, ஆசிரியை அம்பாரோ வழக்கமாகச் சொல்லும் யோசனையைச் சொன்னாள்.

“எங்களுக்கு மொழிதான் வேணும், உண்மை வேணாம். டாக்டருன்னு சொல்லுங்க. மனைவி பேரு மரியா, மூணு புள்ளைங்க, ஒரு நாய். வம்பில்லாம முடிஞ்சிடும். தினம் பத்துப் பேர்கிட்ட சொல்லிப் பழகுங்க.”

எல்லாரும் பழகினார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் மொத்தம் பதினெட்டு டாக்டர்கள், பதினெட்டு மரியாக்கள். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதித்தரத்தான் ஆளில்லை.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கிழட்டு மீனவன் செராபீன் பென்ட்டியை வழிமறித்துச் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான். “டாக்டரய்யா, ரெண்டு வருஷமா தூக்கவே முடியல, கொஞ்சம் பாருங்க.” பென்ட்டி வெகுநேரம் யோசித்து, இரண்டாம் பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார்: “இன்று வெயில் அடிக்கிறது.” செராபீன் ஒரு வாரம் வெயிலில் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வலி போயே போய்விட்டது. நானே பார்த்தேன், வலையைத் தூக்கி வீசினான்.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ரெமேதியோஸ் வந்தாள்.

செவ்வாய்ச் சந்தையில், பள்ளி ஜன்னலுக்குக் கீழே, ஆலிவ் காய் ஊறுகாய் விற்கிறவள் ரெமே. புருஷன் போய் ஒன்பது வருஷம். வாய் நீளம், மனசு தங்கம். பென்ட்டி வந்தால் மட்டும் எடை போட்ட பிறகு ஒரு கை கூட அள்ளிப் போடுவாள். அவர் பேசுவதில்லை, ஆனால் நான்கு மாதமாக எந்தச் செவ்வாயும் தவறியதில்லை, ஆலிவ் எந்தப் பாடத்திலும் இல்லாதபோதும்! அதைப் பார்த்தபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஒரு செவ்வாய், ரெமே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு அவரைக் கூப்பிட முடிவுசெய்து, நாகரிகமாக முதலில் விசாரித்தாள். “வீட்டுல உங்களோட யாரெல்லாம் இருக்காங்க?”

பென்ட்டியின் முகம் மலர்ந்ததே, என்ன சொல்ல! புத்தகத்தில் இருக்கும் கேள்வியை எழுத்துப் பிசகாமல் தெருவில் ஒருத்தி கேட்கிறாள். நெஞ்சை நிமிர்த்தி, ஒரே மூச்சில், மரியா, மூன்று பிள்ளைகள், நாய் என்று ஒப்பித்து முடித்தார். ரெமே ஜாடியை மூடினாள்.

என் கடைக்குத்தான் நேராக வந்தாள். “ஏண்டி, மூணு புள்ள பெத்தவனுக்கு எங்கிட்ட என்னடி இளிப்பு?”

“அது பாடம்டி. அவருக்குப் பொண்டாட்டியே கிடையாது.”

“அவன் வாயால சொன்னான், நான் காதால கேட்டேன். நீ எதுக்கு வக்காலத்து வாங்குற? உனக்கு நோட்டு விக்கணும். பொண்டாட்டி இல்லன்னா அவனே வந்து இல்லன்னு சொல்லட்டும்.”

அடுத்த செவ்வாய் ஒரு பெரிய பொட்டலத்தை அவர் கையில் திணித்து, “உங்க மரியாவுக்குக் குடுங்க” என்றாள். ஒன்றும் புரியாமல் அவர் அதை என்னிடம் தூக்கிவந்தார். இத்தனை வருஷம் நோட்டு விற்றதில் அவருடைய பின்னிஷ் மொழி எனக்கு ஓரளவு வரும். ரெமே ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்குக் கூப்பிட இருந்தது உட்பட எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். மனிதர் வெளிறிப்போனார்.

“எனக்குத்தான் மனைவியே இல்லையே!”

“அத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? பத்தடியில நிக்கிறா. ‘மரியா இல்லை.’ ரெண்டே வார்த்தை. போய்ச் சொல்லுங்க.”

“அது எத்தனையாவது பாடம்?”

“பாடமாவது, மண்ணாவது! வாயத் தொறந்து சொல்லுங்க சாமி!”

“தப்புக்கு வருந்துறது ரெண்டாம் புத்தகம். முதல் நிலை தேறினாத்தான் அதத் தருவாங்க. தேர்வுக்கு மூணே வாரம். தேறி, புத்தகம் வாங்கி, முறையா வருந்துறேன்.”

“அதுக்குள்ள அவ வேற யாருக்காவது சோறு போட்டுட்டா?”

 பாவம், அவர் கண்கூடக் கலங்கியது. “அதனாலதான் இன்னைக்கே அட்டவணை போடணும்,” என்றார். “ஒரு அடிக்கோல் குடுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அடிக்கோலாலேயே இரண்டு வைத்திருப்பேன்.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வெக்கை தாங்காமல் பள்ளியின் கீழ்த்தள ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். நடையில் பதினேழு டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்து மரியா, மரியா என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பென்ட்டி. ஜன்னலுக்கு வெளியே ரெமே. நான் வாசல் கூட்டுகிற சாக்கில் விளக்குமாற்றோடு தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

“உங்க குடும்பத்தப் பத்திச் சொல்லுங்க,” என்றாள் அம்பாரோ.

ரெமேயின் கை தராசில் அப்படியே நின்றது. பென்ட்டி வாயைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். வாயை மூடினார். நான்கு மாதம் பாடம் பண்ணிய பதில், பத்துக்குப் பத்து வாங்கித்தரும் பதில், நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது.

“மரியா இல்லை,” என்றார்.

“பென்ட்டி, பாடத்துல இருக்கறதச் சொல்லுங்க, மார்க் போயிடும்,” என்று அம்பாரோ பல்லைக் கடித்தாள்.

“டாக்டர் இல்லை. மூன்று பிள்ளை இல்லை. நாய் இல்லை.” எழுந்துவிட்டார். “ஆப்பிள் பிடிக்காது. தலை வலி இல்லை!” என்று முழங்காலில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாக, “ஞாயிறு. வீடு. சோறு?” என்றார்.

“ரெண்டு மணிக்கு வந்துடுங்க,” என்றாள் ரெமே.

“வெளியிலேருந்து யாரும் பதில் சொல்லக் கூடாது!” என்று அம்பாரோ கத்தினாள்.

பென்ட்டி தோற்றார். கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை என்று சுழி போட்டுவிட்டார்கள். பதினேழு டாக்டர்களும் சிறப்பாகத் தேறி இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, குழாய் வருகிற பாடம் வரும்வரை நாற்காலி மேல் நிற்பதாகக் கேள்வி. பென்ட்டி டாக்டர் இல்லை என்று தெரிந்த அன்றே செராபீனுக்குத் தோள்வலி திரும்பிவிட்டது.

ஞாயிறு சோறு நடந்தது. மறுநாள் காலை ரெமே என் கடைக்கு வந்து மஞ்சள் சீட்டு, மூன்று வர்ணப் பேனா, ஓர் அடிக்கோல் கேட்டாள். பின்னிஷ் முதல் புத்தகம் படிக்கிறாளாம். போன செவ்வாய் சந்தை நடுவில் நின்று பென்ட்டியிடமே, தன் கணவர் பெயர் யுஹா, அவர் ஒரு விமானி என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் சுட்ட மத்தியைத் தின்றபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம்: நீங்கள் யாரிடமோ சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை, இன்னும் கொஞ்சம் தயாராகிக்கொண்டு சொல்லலாம், நல்ல நாளாகப் பார்த்து முறையாகச் சொல்லலாம் என்று எத்தனை வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? அது எத்தனையாவது பாடம்? ஒரு நடை என் கடைக்கு வாருங்கள், மஞ்சள் சீட்டு நிறைய இருக்கிறது. அடிக்கோல் மட்டும் இல்லை. எனக்கும் செராபீனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி அடிக்கோலை நேற்று நானே எடுத்துக்கொண்டேன், அட்டவணை போட.