டேபிளாரும் மூன்று இரண்டாமிடங்களும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் இரண்டு பொருள்களை அருகருகே வைத்துவிட்டு டேபிளாரிடமிருந்து தப்பித்தவர் எவரும் கிடையாது. எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆளை விடுவார். மூன்றாக இருந்துவிட்டால் போச்சு. ஒன்றோடு ஒன்றை மோதவிட்டு, லீக் நடத்தி, பாயின்ட் போட்டு, நம் பஸ்ஸையும் தவறவிட வைப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் பகுதி ஃபோர்மேன் என்பதால் சம்பளப் பட்டியலிலும் அது இருந்திருக்க வேண்டும். எங்கள் பிளாக்கில் மட்டும் அவர் டேபிள்தான். எப்போதும் பாயின்ட்ஸ் டேபிளும் கையுமாக அலைந்ததால் வந்த பெயர். வயதுக்கு மரியாதை கொடுத்து ஓர் 'ஆர்' சேர்த்துக்கொண்டோம்.

மந்தாரக்குப்பத்தில் அப்போது மூன்று பஜ்ஜிக் கடைகள் இருந்தன. மூன்றில் எது உசத்தி என்று கண்டுபிடிக்க ஒரு மாலை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று கடையிலும் தின்று முடித்து நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மனிதர் உதட்டைப் பிதுக்குகிறார்.

"இந்த ரிசல்ட் செல்லாதுங்க."

"ஏண்ணே?"

"மொத கடையில எண்ணெய் இன்னைக்குத்தான் மாத்தியிருக்கான். மத்த ரெண்டும் நேத்து எண்ணெய். மூணு பேரும் ஒரே மாதிரி நெலமையில ஆடணும்ல? நாளைக்கு ரீ-மேட்ச் வச்சிக்கலாம்."

மறுநாள் நான் லீவு போட்டேன், வயிற்றுக்கு.

அடுத்து நடந்ததுதான் வீரத்தின் உச்சம். பிளாக் பெண்களுக்குள் சர்க்கரைப் பொங்கல் போட்டி. நடுவர் நம்ம டேபிளார். முந்திரியைக்கூட எண்ணி மார்க் போட்டவர், சொந்த மனைவி அஞ்சலை அண்ணிக்கு மூன்றாமிடம் கொடுத்தார். மைக்கில் வேறு அறிவித்தார். மறுநாள் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி பேசுறாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"பேசலீங்க. ஆனா ரிசல்ட் ரிசல்ட்தானே?"

இப்படிப்பட்டவரிடம்தான் பிளாக்கின் பொங்கல் வாலிபால் போட்டியை நடத்தும் பொறுப்பும் இருந்தது. வருடாவருடம் நான்கு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். முதல் இரண்டு இடத்தில் வருபவர்களுக்குள் ஃபைனல். ஃபைனலுக்கு வந்த இரண்டு அணிகளுக்கும் அடுத்த வருடம் இடம் உறுதி. மற்ற இரண்டு இடம் யாருக்கு என்பது கமிட்டியின் இஷ்டம்.

பிளாக்குக்கு வாட்ஸப் குரூப் ஆரம்பித்த வருடம், முதல்முறையாக ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளர் அணி ஆட வந்தது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடுகளில் இருந்த பையன்கள். கேப்டன் ஏழுமலை, கம்மாபுரம் பக்கம். "இந்த ஒரு வருஷம் பார்ப்போம்" என்று சொல்லித்தான் கமிட்டி சேர்த்துக்கொண்டது. அந்தப் 'பார்ப்போம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஃபைனலுக்கு வராவிட்டால் அடுத்த வருடம் அவர்களுக்கு மைதானம் கிடையாது.

பொங்கலன்று காலை டேபிளார் மைக்கைப் பிடித்து விதிகளை வாசித்தார். அதே நேரத்தில் பந்தலின் மறுபக்கம் போண்டா வந்தது. மொத்த ஜனமும் போண்டாவின் பக்கம் போய்விட்டது. அவரோ ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துக் கைகால் ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் லீக் முடிந்தபோது வில்லங்கம் வந்தது. பக்கத்து பிளாக் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்து முதலிடம். மிச்சம் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வெற்றி. எங்கள் பிளாக் ஆபீஸ் அணியை ஜெயித்திருந்தது. ஆபீஸ் அணி கான்ட்ராக்டை ஜெயித்திருந்தது. கான்ட்ராக்ட் எங்களைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. ஆக, இரண்டாமிடத்தில் மூன்று பேர்.

எங்கள் கேப்டன் குமார், அஞ்சலை அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. செல்போனில் கூட்டிக் கழித்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். எல்லா ஆட்டத்திலும் எடுத்த பாயின்டிலிருந்து கொடுத்த பாயின்டைக் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு பாயின்டில் நாங்கள்தான் மேலே. நானும் கைதட்டினேன். நான் அந்த அணியின் எக்ஸ்ட்ரா. வெளியே போகிற பந்தைத் துரத்தி எடுத்து வருவது என் பொறுப்பு.

"தப்பு" என்றார் டேபிளார். "சமமா நிக்கிற மூணு பேரு அவங்களுக்குள்ள ஆடின ஆட்டத்துப் பாயின்ட மட்டுந்தான் எடுக்கணும். அப்படி எடுத்தா கான்ட்ராக்ட் டீம்தான் ஃபைனலு."

குமார் எகிறினான். "மாமா, சாம்பியன்கிட்ட நாங்க எவ்ளோ நெருக்கமா தோத்தோம்! அவனுங்க கேவலமா தோத்தானுங்க. அதுக்கு மதிப்பே இல்லியா?"

"நேத்து சொரங்கத்துல கன்வேயர் பெல்ட் கிழிஞ்சி ஆறு பேர்ல ரெண்டு பேர ஓவர்டைம்ல நிறுத்திட்டாங்கடா. நாலு பேரா ஆடினாங்க. நல்லா தோத்ததுக்குக் கப்பு வேணும்னா தனியா கேளு. மூணு பேருக்குள்ள சண்டைன்னா, நாலாவது வூட்டுக் கதைய எதுக்கு இழுக்கறே?"

"அப்ப டாஸ் போடுங்க!"

"டாஸ் போட்டா காசுதான் ஜெயிக்கும். டீம் ஜெயிக்காது."

கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "விதிய இப்ப உங்க இஷ்டத்துக்கு மாத்தறீங்களோன்னு ஒரு சந்தேகம் வருதுல்ல, சார்?"

டேபிளாரின் முகம் வாடிவிட்டது. நேர்மை இல்லை என்று அவரை யாரும் அதுவரை சொன்னதில்லை. "நேத்து காலையில மைக்ல சொன்னேனே... யாராவது கேட்டீங்களா?" என்று சுற்றிலும் பார்த்தார். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்த வாய்களில் எல்லாம் அப்போது போண்டா இருந்திருக்கிறது. ஏழுமலையும் அவன் பையன்களும் நெட் கம்பத்தருகே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது மைதானத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸ் வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் கேட்டன்."

அஞ்சலை அண்ணி. கையில் முறம்.

"அந்த கொழா ஸ்பீக்கர என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா கட்டி வச்சிட்டாங்க. அப்பளம் பொரிச்சிகினு இருந்தன். சமமா வந்தா அவங்க அவங்களுக்குள்ள ஆடினதுதான் கணக்குன்னு மூணு தபா சொன்னாரு. நாலாவது தபா சொல்லக்குள்ள அப்பளம் கருகிப்போச்சி."

"அக்கா, நீ யார் பக்கம்?" என்று குமார் கத்தினான்.

"போடா. நான் அப்பளத்து பக்கம்."

மைதானமே சிரித்தது. கமிட்டியும் ஒப்புக்கொண்டது. தம்பிக்கு எதிராக அக்கா சொன்ன சாட்சியை எவரும் சந்தேகப்பட முடியாதே. ஏழுமலை மெல்ல முன்னால் வந்தான்.

"சார், அப்ப நாங்க ஃபைனலுங்களா?"

"ஃபைனல்தான். ஆனா ஆபீஸ் டீம்கிட்ட போய் ஏன்யா தோத்தீங்க? அத மொதல்ல சொல்லு."

ஃபைனலில் அவர்கள் தோற்றார்கள், மூன்று செட் ஆடி. அடுத்த பொங்கலுக்கு ஏழுமலை அணி சொந்தமாக நெட்டோடு வந்து இறங்கியது. கமிட்டி 'பார்ப்போம்' என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

அந்த ஃபைனல் முடிந்த அன்று சாயங்காலம் டேபிளார் வீட்டில் எனக்கும் குமாருக்கும் சேர்த்துச் சாப்பாடு. குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினான். அண்ணி உள்ளே போன நேரம் பார்த்து நான் வம்புக்கு இழுத்தேன்.

"அண்ணே, இவ்ளோ ஆன பிறகும் அண்ணி பொங்கலுக்கு மூணாவது எடந்தானா?"

டேபிளார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரிசல்ட்ட மாத்த முடியாதுங்க. ஆனா அந்தப் போட்டியில நடுவரு சரியில்ல."

ரிட்டையர் ஆனதும் இருவரும் வடலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நெய்வேலியில் நான் பழகிய மனிதர்களை மனதுக்குள் வரிசைப்படுத்தும்போதெல்லாம் டேபிளார்தான் முதலிடம். எவராவது பாயின்டில் அவருக்குச் சமமாக வந்துவிட்டால், அவருக்கு அறவே பிடிக்காத காரியம்தான், விதியைப் பாதியில் மாற்றியாவது அவரையே மேலே வைப்பேன்.