முதல் கேள்வி: எங்கே போகிறீர்கள்?

தங்களுக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்று நினைப்பது படித்தவர்களுக்கு வரும் ஒரு வியாதி. எனக்கு அது முற்றியிருந்தது. (ஆய்வுப் பட்டம் இன்னும் வரவில்லை, திமிர் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது.)

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வாழ்வதைப் பற்றிய ஆய்வு. பல்கலைக்கழகத்தின் சார்பில் நான். தொண்டு நிறுவனத்தின் சார்பில் களப்பணியாளர் மும்தாஜ் அக்கா. ‘கூட்டு ஆய்வு’ என்று கேள்வித்தாளின் அட்டையில் அச்சிட்டிருந்தோம். நான் அதற்குக் கண்ட பொருள்: கேள்வி என்னுடையது, வெயில் அக்காவுடையது.

“கேள்வித்தாளை ஒருக்கா காட்டு கண்ணு.”

“அச்சாயிடுச்சு அக்கா,” என்றேன், அரசாணை போல.

நாங்கள் ஆய்வுக்குத் தேர்ந்த ரிக் பட்டறைக்குள் நுழைய அக்கா இரண்டு வருடம் நடையாய் நடந்திருந்தார். மாதம் ஒருநாள் ஆட்களோடு உட்கார்ந்து பேச முதலாளி அரைமனதாகத் தந்த அனுமதி. அது போனால் அக்காவின் உழைப்பும் போச்சு, என் ஆய்வும் போச்சு.

நான் முதன்முதலாக அங்கே போன அன்று காலை மூன்று வண்டிகள் வடக்கே கிளம்பின. கற்பூரம் எரிந்தது, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கியது, வெயில் வண்டிகளின் நெற்றியில் மஞ்சள் பூசியது. நான் அட்டையோடு முதல் வண்டியை மறித்து, முதல் கேள்வியைக் கேட்டேன்.

“எங்கே போகிறீர்கள்?”

(நான் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கிளம்புகிற எதையும் பார்த்து ‘எங்கே போகுது?’ என்று கேட்டே வளர்ந்த நாக்கு.)

எஞ்சின் அணைந்தது. ஓட்டுநர் இறங்கினார், தண்ணீர் குடித்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். ‘களைப்பு’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனேன். அதே கேள்வி, அதே தண்ணீர். மூன்றாவது வண்டியும் தப்பவில்லை. பத்தே நிமிடத்தில் பட்டறை முழுக்க ஆண்கள் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல் சம்மணமிட்டிருந்தார்கள்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். “ஏனுங்க மேடம், கெளம்பற ஆளை எங்க போறீங்கன்னு ஆராச்சும் கேப்பாங்களா? போற காரியம் வெளங்குமா? போர்ல தண்ணி வல்லீன்னா நீங்க வந்து ஊத்துவீங்களா?” அக்காவிடம் திரும்பினார். “இனி நீங்களும் இந்தப் பக்கம் வராதீங்க.”

அக்கா அசரவில்லை. “சரிங்கண்ணா. எப்படியும் உக்காந்துட்டாங்க. எந்திரிக்கிற வரைக்கும் பேசிக்கறனுங்க.”

அவரும் தரையில் உட்கார்ந்தார். “ஊட்டுல என்ன சொல்லீட்டு வந்தீங்க சாமி?”

மலைபோல் இருந்த ஓட்டுநர் தலையைக் குனிந்தார். “பாப்பா தூங்கீட்டு இருந்தாளுங்க. சொல்லிக்காமயே வந்துட்டனுங்க.”

அப்புறம் ஒவ்வொருவராய்ப் பேசினார்கள். என் நாற்பத்திரண்டு கேள்விகளில் முதலாவதே பாறையில் முட்டி நின்ற இடத்தில், அக்காவின் ஒரே கேள்வி ஊற்றைத் தொட்டுவிட்டது. எங்களைத் துரத்த வந்த முதலாளியே டயர்மேல் உட்கார்ந்து, “எங்கூட்டுலயும் இதே கததானுங்க,” என்றார். எழும்போது சொன்னார்: “அடுத்த மாசம் வாங்க. அந்த அட்டைய மட்டும் கொண்டாராதீங்க.”

அதன்பின் கேள்விகளை அக்கா சொன்னார், நான் எழுதினேன். அறிக்கையில் அவர் பெயர்தான் முதலில்.

இன்றும் நான் செருப்பை மாட்டினால் மகள் உள்ளிருந்து கத்துகிறாள்: “கேள்வி எண் ஒண்ணு!” கணவர் சொம்போடு ஓடி வருகிறார். உட்கார்ந்து, குடித்து, நிதானமாக எழுந்து, தினமும் பேருந்தைத் தவற விடுகிறேன்.